பிள்ளைப்பேறும் பேரேடும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, எம்மிடம் முன்னர் கணக்கியல் படித்த மாணவர் ஒருவர் தம் மனைவியுடன் எமது இல்லத்துக்கு வந்திருந்தார். பேசாலைக் கரையில் சொந்தப் படகு வைத்துத் தொழில் செய்பவர். கையில் ஒரு பொதி கருவாடு. எம் வீட்டில் மரக்கறி என்பதை அவர் மறந்துவிட்டார். அண்டை வீட்டாருக்கு நற்காலம்! தேநீர் அருந்தி முடியும்வரை ஊர்ப்புதினம் பேசிக்கொண்டிருந்தவர், பின்பு சட்டைப்பையிலிருந்து மடித்த இரு தாள்களை எடுத்து மேசைமீது வைத்தார்.

"சேர், இந்த ரெண்டையும் ஒருக்காப் பாத்து எது மலிவு எண்டு சொல்லுங்கோ. அதுக்குப் பிறகுதான் படகையும் என்ஜினையும் விக்கிறதா, நகையை ஈடு வைக்கிறதா எண்டு யோசிக்க வேணும்."

ஒன்று கொழும்பிலுள்ள தனியார் வைத்தியசாலை ஒன்றின் செலவு மதிப்பீடு. மற்றது சென்னையில் உள்ள ஒரு கருத்தரிப்பு நிலையத்தினுடையது. அவர்களுக்கு மணமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன.

அவர்கள் எம்மிடம் வந்ததற்கு நாம் கணக்கியல் ஆசிரியர் என்பது ஒரு காரணம். மற்றைக் காரணத்தை அவர் வாயால் சொல்லவில்லை. எமக்கும் பிள்ளைகள் இல்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நாமும் எம் இல்லாளும் இதே வகைப் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு சென்னைக்கு விமானம் ஏறியவர்கள். இப்பகுதியில் இதனை இதுவரை எழுதியதில்லை. இன்று எழுதாமல் மற்றதை எழுத முடியாது.

மன்னார்த் தீவிலிருந்து பிள்ளைவரம் வேண்டிக் கடல் கடப்பது புதிய செய்தியன்று. 1914 ஆம் ஆண்டிலிருந்து தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் ஓடியது. இராமேசுவரத்துக்குச் சென்று சேதுவில் நீராடி வந்த தம்பதியரின் கதைகளை எம் பாட்டியார் காலத்தார் நிறையச் சொல்லுவர். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் இராமேசுவரத்துக்கு ஓடிய கப்பலும் 1980களில் போர்க் காலத்தில் நின்று போயிற்று. தலைமன்னார் இறங்குதுறையிலிருந்து அக்கரை ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர். ஆயினும் இன்று சென்னைக்குச் செல்ல விரும்பும் பேசாலைத் தம்பதியர், முதலில் முந்நூறு கிலோமீற்றர் தெற்கே கொழும்புப் பக்கம் போய், அல்லது வடக்கே பலாலிக்குப் போய், விமானம் ஏறவேண்டும். இந்த வழிப்பயணச் செலவு எந்தப் பட்டியலிலும் இல்லை. நிற்க.

பட்டியல்களுக்கு வருவோம். இரண்டும் ஒரே சிகிச்சையையே குறித்தன. சோதனைக்குழாய்க் குழந்தை முறை என்று மக்கள் வழங்கும் ஐ.வி.எஃப். அது. பத்துப் பன்னிரண்டு நாள் பெண்ணுக்கு ஊசி ஏற்றிச் சூலகத்தில் பல முட்டைகளை ஒருசேர முதிரச் செய்கிறார்கள். இரண்டு மூன்று நாளுக்கொருமுறை ஸ்கேன் செய்து பார்க்கிறார்கள். முட்டைகளை எடுத்து ஆய்வுகூடத்தில் விந்தணுவோடு கருக்கட்டச் செய்கிறார்கள். மூன்றாம் அல்லது ஐந்தாம் நாள் கருவைக் கருப்பையில் வைக்கிறார்கள். பின்னர் ஏறத்தாழ இரண்டு கிழமை காத்திருக்க வேண்டும். அந்த இரண்டு கிழமையைப் பற்றி எழுத எமக்கு இப்பொழுதும் மனம் வரவில்லை.

பார்த்த மாத்திரத்தில் சென்னைப் பட்டியல் மலிவாகத் தோன்றியது. ஆனால் ஊசிமருந்து அதில் சேர்க்கப்படவில்லை. "மருந்து தனி" என்று அடியில் சிறிய எழுத்தில் இருந்தது. இச்சிகிச்சையில் மருந்துதான் பெரும்பங்கு கேட்கும் இனங்களுள் ஒன்று. கொழும்புப் பட்டியலில் மருந்து இருந்தது. விந்தணு ஒன்றைத் தெரிந்தெடுத்து முட்டைக்குள்ளே செலுத்தும் இக்சி முறைக்கான கட்டணம் இல்லை. எஞ்சிய கருக்களை உறைநிலையில் வைத்திருக்க ஆண்டுதோறும் கட்டவேண்டிய வாடகை இரண்டிலும் இல்லை. உறைந்த கருவை மறுமுறை வைப்பதற்கு இன்னொரு பயணம், இன்னொரு கட்டணம் உண்டு. மயக்கமருந்து வைத்தியரின் கட்டணம் எங்கே என்று தேடித் தேடிப் பார்த்தோம், காணோம். ஒரு கடையின் ஐந்தொகையை இவ்வாறு எழுதிக் கொண்டுவரும் மாணவனுக்கு நாம் சித்தி போடமாட்டோம்.

இந்தியாவில் ஒரு சுற்றுக்கு ஒன்றரை இலட்சம் முதல் இரண்டரை இலட்சம் இந்திய ரூபாய் வரை என்பது பொதுவாகச் சொல்லப்படும் விலை. அது எமது பணத்தில் எவ்வளவு? 2022 இன் தொடக்கத்தில் ஓர் இந்திய ரூபாய் ஏறத்தாழ 2 ரூபாய் 70 சதமாக இருந்தது. அதே ஆண்டின் நடுப்பகுதியில் நாலரை ரூபாயை எட்டியது. இரண்டு இலட்சம் இந்திய ரூபாய்க்கு 5 இலட்சத்து 40 ஆயிரம் சேர்த்து வைத்திருந்த ஒருவர், ஆறு மாதத்துக்குள் 9 இலட்சம் தேட வேண்டியவரானார். பின்னர் நாணயம் ஓரளவு மீண்டது உண்மையே. எனினும் அக்கரைச் சிகிச்சைக்குப் பணம் சேர்ப்போர் நாணயமாற்று வீதத்தையும் ஒரு செலவினமாக எழுதிக்கொள்ளல் வேண்டும்.

கொழும்பு அருகிலே உள்ளது என்பதும் முழு உண்மையன்று. இரண்டு நாளுக்கொருமுறை ஸ்கேன் என்றால் மன்னாரிலிருந்து இரவு பஸ்ஸில் போய்வர இயலாது. முட்டையை எடுப்பதற்கு ஏறத்தாழ 36 மணித்தியாலத்துக்கு முன் குறித்த நேரத்தில் ஓர் ஊசி போடவேண்டும். அது பிந்தினால் அந்தச் சுற்றே வீண். ஆகவே நாரஹேன்பிட்டியிலோ கொள்ளுப்பிட்டியிலோ அறை எடுத்து மூன்று கிழமையாவது தங்கவேண்டும். கடலுக்குப் போகாத மூன்று கிழமைக்கு வருமானம் எங்கே? அதையும் எழுதினோம். இறுதியில், சொந்தக்காரர் வீடு இருப்பவருக்கு எந்த நகரத்தில் வீடு இருக்கிறதோ அந்த நகரமே மலிவு என்ற முடிவுக்கு வந்தோம். மாணவர் முதன்முறையாகச் சிரித்தார். அவருக்கு வத்தளையில் ஒரு பெரியம்மா இருக்கிறார்.

சென்னைப் பட்டியலின் தலைப்பில் "வெற்றி 70 சதவீதம்" என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. அதைக் கண்டதும் எமக்குப் பழைய கணக்கொன்று நினைவுக்கு வந்தது.

நாம் சென்ற நிலையத்திலும் இத்தகைய ஓர் எண்ணைச் சுவரில் எழுதி வைத்திருந்தார்கள். எமது முதற் சுற்றில் பரிசோதனை கருத்தரித்ததாகக் காட்டியது. தாதியர் இனிப்புக் கேட்டார்கள், வாங்கிக் கொடுத்தோம். ஏழாம் கிழமையில் அது கலைந்தது. பல மாதம் கழித்து, இரண்டாம் சுற்றும் பொய்த்த பின், அந்த எண்ணை எவ்வாறு கணக்கிடுகிறீர்கள் என்று கேட்டோம். பரிசோதனையில் கருத்தரிப்புக் காட்டினால் வெற்றி என்றார்கள். ஆக, அவர்களுடைய பேரேட்டில் நாமும் எம் இல்லாளும் இன்றுவரை வெற்றி வரவில்தான் இருக்கிறோம்! மதிப்பீட்டுத் தாளில் கண்ட தொகையைப்போல் ஏறத்தாழ இருமடங்கு செலவாகியிருந்தது. மூன்றாம் சுற்றுக்குச் சலுகை தருவதாகச் சொன்னார்கள். "இனிப் போதும், வீட்டை போவம்" என்று எம் இல்லாள் சொன்னார். நாம் திரும்பினோம்.

ஆதலின் நேயர்கள் வெற்றி வீதத்தைக் கேட்கும்போது, எதில் வெற்றி, எத்தனை பேருள் வெற்றி என்று இரண்டாகக் கேட்க வேண்டும். உயிரோடு பிறந்த குழந்தைகளையா எண்ணுகிறார்கள்? சிகிச்சை தொடங்கிய எல்லாரையும் கொண்டு வகுக்கிறார்களா, கரு வைக்கும் கட்டம்வரை வந்தவர்களைக் கொண்டு மட்டும் வகுக்கிறார்களா? பெண்ணின் வயது என்ன? பிரித்தானியாவில் 1991 முதல் இதற்கென ஓர் ஒழுங்குபடுத்தும் சபை இயங்குகிறது. ஒவ்வொரு நிலையத்தின் பெறுபேற்றையும் எவரும் பார்க்கும்படி வெளியிடுகிறது. அதன் 2022 ஆம் ஆண்டுக் கணக்கின்படி, 18 முதல் 34 வயதுவரையுள்ள பெண்களுக்குத் தம் சொந்த முட்டையிலிருந்து உருவாகி வைக்கப்பட்ட கரு ஒன்றுக்குக் குழந்தை பிறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்கு 35. 43, 44 வயதில் நூற்றுக்கு 5. எழுபது என்று அச்சிட்டவரிடம் எம் மாணவர் கேட்கவேண்டிய கேள்வி இதிலேயே இருக்கிறது.

வாய்ப்பைச் சேர்க்காமல் விலையை ஒப்பிடுவது பயனற்றது. உதாரணத்துக்கு ஒரு நிலையம் இரண்டு இலட்சம் கேட்டு நூற்றுக்கு 20 பேருக்குப் பிள்ளை தருகிறது. இன்னொன்று மூன்று இலட்சம் கேட்டு நூற்றுக்கு 35 பேருக்குத் தருகிறது என வைப்போம். முதலாவதில் ஒரு குழந்தைக்குச் சராசரி 10 இலட்சம்; இரண்டாவதில் 8 இலட்சத்து 57 ஆயிரம். மலிவு எது? இக்கணக்கை மாணவர் தாமே தாளின் ஓரத்தில் போட்டார். பழைய பாடம் மறக்கவில்லை.

இச்சிகிச்சையின் வரலாறும் கணக்கை எவர் ஏற்பது என்ற வழக்காகவே தொடங்கியது. 1978 ஜூலை 25 இல் இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுண் பிறந்தாள். அதற்கு 70 நாள் கழித்து, அக்டோபர் 3 இல், கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியால் துர்கா என அறியப்பட்ட குழந்தை பிறந்தது. உறைய வைத்த கருவைக்கொண்டு அவர் இதைச் செய்தார். அரசு அமைத்த குழு அவரை நம்பவில்லை. 1981 இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். இங்கிலாந்தின் எட்வர்ட்ஸுக்கு 2010 இல் நோபெல் பரிசு கிடைத்தது. சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜின் வைத்தியசாலையில் தென்னிந்தியாவின் முதற் சோதனைக்குழாய்க் குழந்தை 1990 இல் பிறந்தது. இந்தியா 2021 இல் இத்துறைக்கெனச் சட்டம் இயற்றி, நிலையங்கள் யாவும் பதிவு செய்யப்படவேண்டும் என்று விதித்தது. அக்கரைக்குச் செல்பவர் நிலையத்தின் பதிவு இலக்கத்தை முதலிற் கேட்பதில் தவறில்லை.

நாம் இவ்வாறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்த வேளையில், எம் இல்லாள் அந்தப் பெண்ணை அடுக்களைக்கு அழைத்துச் சென்றிருந்தார். அரைமணி நேரம் கழித்து வெளியே வந்து, எம்மிடம் மெல்லக் கேட்டார்: "தம்பிக்கு ஏதாவது சோதனை செய்தவையோ எண்டு கேட்டீங்களோ?"

கேட்கவில்லை. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். ஆறு ஆண்டுகளில் அந்தப் பெண் மாத்திரை விழுங்கியிருக்கிறாள். பலோப்பியன் குழாய்க்குள் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்திருக்கிறாள். மடுமாதாவுக்கு நேர்த்தி வைத்திருக்கிறாள். மாமியாரின் வார்த்தைகளைக் கேட்டிருக்கிறாள். அவருக்கு ஒரு விந்துப் பரிசோதனையும் நடக்கவில்லை. இரண்டு பட்டியல்களிலும் அது இல்லாதது ஏன் என்று எமக்குத் தோன்றவும் இல்லை.

பிள்ளையில்லாத தம்பதியருள் ஏறத்தாழ அரைப்பங்கினரிடம் ஆணின் பக்கத்திலும் காரணம் உண்டு. தனியாக ஆணிடம் இருக்கலாம், இருவரிடமும் இருக்கலாம். அதைக் கண்டறியும் முதற் சோதனை இச்சிகிச்சையில் மிக எளியது, மிக மலிவானது. இளமையில் வந்த கூகைக்கட்டு, விதைப்பையில் புடைத்த நாளம், புகைத்தல், குடி எனக் காரணம் பலவாகலாம், சில திருத்தக்கூடியவை. விந்தணு உருவாகி முதிர இரண்டு மூன்று மாதம் செல்லும். ஆகவே சிகிச்சையின் பயனைப் பார்க்கவும் அவ்வளவு காலம் பொறுக்க வேண்டும். பெண்ணுக்கு வயது 35 ஐத் தாண்டியிருந்தால் அந்தப் பொறுமைக்கும் விலை உண்டு என்பதை மறக்கலாகாது. இப்பெண்ணுக்கு 29.

நாம் சொன்னோம்: "தம்பி, இரண்டு தாளையும் மடித்து வை. முதலில் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் போ. அவர் மன்னார் ஆஸ்பத்திரி கிளினிக்குக்குத் துண்டு எழுதித் தருவார். இந்த நாட்டில் அரச வைத்தியசாலையில் வைத்தியரைப் பார்க்கக் காசு இல்லை. சோதனைகள் முடியட்டும். மாத்திரையாலோ, கருப்பைக்குள் விந்து செலுத்தும் எளிய முறையாலோ ஆகாது என்று வைத்தியர் சொன்னால், அப்போது இந்தத் தாள்களோடு வா."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கிளினிக்கில் அயலவர் கண்டால் என்ன நினைப்பார்கள் என்று கேட்டார். பேசாலையிலும் மன்னாரிலும் யாரும் யாரையும் அறியாமல் பஸ்ஸில்கூட ஏற இயலாது என்பது மெய்தான். இதற்கு எம்மிடம் மறுமொழி இருக்கவில்லை. அந்தப் பெண்தான் சொன்னாள்: "ஆறு வருசமா என்னை எல்லாரும் பாக்கினம் தானே."

சென்ற வியாழக்கிழமை அவர் தொலைபேசியில் பேசினார். சோதனை நடந்திருக்கிறது, எண்ணிக்கை குறைவாம். சத்திரசிகிச்சை வைத்தியர் ஒருவரையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். பீடியை விட்டு மூன்று மாதத்தில் மறுபடி சோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். பீடி விட்டு ஒன்பது நாள் ஆகிறதாம். படகு விற்கவில்லை. கொழும்புப் பட்டியலின் பின்புறம் வெறுமையாக இருந்தபடியால், அதில் இந்த மாத மண்ணெண்ணெய்க் கணக்கை எழுதி வைத்திருக்கிறாராம்.