பாட்டு நோட்டும் கணிப்பொறிப் பட்டியலும்

காட்டுப்பள்ளியிலும் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களிலும் வளர்ந்த எங்களுக்குப் 'பாடு' என்றால் என்னவென்று எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இறால் விழும் இடங்களில் எல்லோரும் ஒரே நாளில் மொய்த்துவிடாதபடி, சீட்டுக் குலுக்கி, முறை வைத்து வலை கட்டும் பழைய ஏற்பாடு அது. யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்பது பெரியவர்களின் நினைவிலும் ஒரு நோட்டிலும் இருக்கும்.

இவ்வாண்டு கணிப்பொறி வகுப்பில் அந்த நோட்டைப் போலவே மைக்ரோசாஃப்ட் அக்சஸில் ஒரு மாதிரிப் பட்டியல் செய்து பார்த்தோம். பெயர்களை நாங்களே கற்பனை செய்துகொண்டோம். 1992-இல் வெளிவந்த இம்மென்பொருளுக்கு அடிப்படையான கருத்தை 1970-லேயே காட் என்னும் அறிஞர் எழுதிவிட்டார். ஆட்கள் ஓர் அட்டவணையில், இடங்கள் மற்றொன்றில், முறைநாள்கள் மூன்றாவதில். எண்களால் மூன்றும் இணைகின்றன. நோட்டில் ஒரு பெயரைத் திருத்தப் பத்துப் பக்கம் புரட்ட வேண்டும். இங்கே ஒரே இடத்தில் திருத்தினால் போதும். ஒரே பெயரில் நான்கு பேர் இருந்தாலும் (எங்கள் குப்பங்களில் இருக்கிறார்கள்!) குழப்பமில்லை. ஒரே இடத்தை ஒரே நாளில் இருவருக்கு எழுத முயன்றால், நாம் விதி வைத்திருந்தால், ஏற்க மறுக்கிறது. இணையமும் வேண்டாம்.

குறைகளும் உண்டு. எல்லாம் ஒரே கோப்பில் அடங்குவதால் அது பழுதானால் எல்லாம் போயிற்று. ஒருநாள் இரண்டு கணிப்பொறிகளிலிருந்து அதைத் திறந்து எழுதிக்கொண்டிருந்தபோது மின்சாரம் நின்றது. பிறகு கோப்பு திறக்கவேயில்லை. முதல்நாள் எடுத்து வைத்த நகல்தான் எங்களைக் காப்பாற்றியது. ஒரு கோப்பு 2 ஜிகாபைட்டுக்கு மேல் வளராது. 255 பேர் ஒருங்கே பயன்படுத்தலாம் என்று சொல்லப்பட்டாலும், ஒரு சிலர் சேர்ந்து எழுதினாலே திணறுகிறது. ஆயினும் ஒரு குப்பத்தின் நோட்டுக்கோ பள்ளி நூலகத்துக்கோ இது தாராளம். பெரிய சர்வர் கேட்பது கட்டுமரத்துக்குக் கப்பல் நங்கூரம் தேடுவது போலாகும்.

எங்களை உறுத்திய குறை வேறு. 'குடும்பத் தலைவர்' என்ற கட்டத்தைக் காலியாக விடக்கூடாது என்று விதி வைத்திருந்தோம். தந்தையை இழந்த எங்கள் தோழி, "எங்கள் வீட்டுக்கு எதை எழுதுவது?" என்று கேட்டாள். பாடு ஆண்களின் பெயரில்தான் வருகிறது. சேற்றில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கும் பெண்களுக்கு அந்நோட்டில் வரியே இல்லை. கணிப்பொறியைக் குறை சொல்ல முடியவில்லை. விதியை இட்டவர்கள் நாங்கள்தானே! நோட்டில் இருப்பதை அப்படியே கட்டங்களாக்கினோம், அதில் இல்லாதவர்களும் அப்படியே விடுபட்டார்கள். கட்டத்தை மாற்ற ஒரு நிமிடம் போதும் என்றனர் சிலர். ஊர்ப் பஞ்சாயத்து மாற்றாமல் நாம் மாற்றி என்ன பயன் என்றனர் மற்றவர். அன்று பாடவேளை முழுதும் வாதத்திலேயே கழிந்தது.

முடிவில் கட்டத்தின் பெயரை 'வீட்டுப் பொறுப்பாளர்' என்று மாற்றித் தோழியின் தாயாரைச் சேர்த்தோம். அவர் எண் 41. எங்கள் பட்டியலில் உண்மையான பெயர் அது ஒன்றுதான். ஏரிக்கரை நோட்டில் அது இன்னும் ஏறவில்லை.

— பத்தாம் வகுப்பு மாணவி