ரயில் நிலையத்தில் உறங்கும் முதியவர்களைப் படம் பிடிக்கலாமா?

தூணில் சாய்ந்தபடி உறங்கும் ஒரு முதியவர். தலைக்குத் துணிப்பை, பக்கத்தில் தண்ணீர் போத்தல், காலடியில் தேய்ந்த சிலிப்பர். படத்துக்குக் கீழே, பெற்ற பிள்ளைகள் எங்கே, தெரிந்தவர்கள் பகிருங்கள் என்ற வகையில் ஒரு வாசகம். இப்படிப்பட்ட படம் வராத வாட்ஸ்அப் குழு நம்மிடையே அநேகமாக இல்லை. காலையில் கோலாலம்பூரில் எடுத்த படம் மாலைக்குள் சுங்கைப்பட்டாணிக்கும் ஜொகூர் பாருவுக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. படத்தில் இருப்பவரிடம் பெரும்பாலும் கைப்பேசி இல்லை. தம்மைப் பற்றி என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதை அவர் கடைசிவரை பார்ப்பதில்லை.

எடுப்பவர்களில் பலர் நல்லெண்ணத்தோடுதான் எடுக்கிறார்கள். அதனால்தான் இதைப் பேச வேண்டியிருக்கிறது.

வீடில்லாதவர்கள் ரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் நாடுவதற்குக் காரணம் எளிது. கூரை இருக்கிறது, விளக்கு இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது. ஆள் நடமாட்டம் இருப்பதால் அடி உதைக்கும் திருட்டுக்கும் பயம் குறைவு. சாப்பாடு கொடுக்கும் தன்னார்வலர்களும் அந்தப் பக்கமே வருகிறார்கள். கடைசி ரயில் போன பிறகு வெளியே ஐந்தடிக்கும் மேம்பாலத்தின் அடிக்கும் நகர்ந்துகொள்ளலாம். வயதானவர்களுக்கு இவையெல்லாம் பெரிய விஷயங்கள்.

இதில் நம் சமூகத்துக்கு மட்டுமே உரிய ஒரு வேதனையும் உண்டு. கேஎல் சென்ட்ரல் நிற்கும் இடம் ஒரு காலத்தில் பிரிக்பீல்ட்ஸ் ரயில் யார்டு. அந்தத் தண்டவாளங்களையும் செந்தூல் பட்டறையையும் நம்பி வாழ்ந்தவர்களில் தமிழர்கள் ஏராளம். 2001இல் அங்கே புதிய நிலையம் திறக்கப்பட்டது. தாத்தாவும் அப்பாவும் ரயில்வேயில் உழைத்த ஒரு குடும்பத்தின் மூத்தவர், அதே மண்ணில் கட்டப்பட்ட கட்டடத்தின் ஓரத்தில் படுத்திருந்தால் வியப்பதற்கில்லை.

தோட்டப்புறத்திலிருந்து வந்தவர்களின் கதை வேறு. லயத்து வீடு கம்பெனிக்குச் சொந்தம். வேலை இருக்கும்வரை வீடும் இருந்தது. தோட்டம் கைமாறியபோதும், ரப்பர் அழிந்து வீடமைப்புத் திட்டமும் தொழிற்பேட்டையும் வந்தபோதும், முப்பது நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர்களுக்குச் சொந்தமாக ஒரு கதவுகூட இல்லை. பட்டணத்துக்கு வந்த பிள்ளைகளுக்குக் கிடைத்தது மலிவு விலை அடுக்குமாடியில் ஓர் இடம். அதற்குள் மருமகன், பேரப்பிள்ளைகள், கடன், சண்டை. பெரியவர் ஒருநாள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். பிறகு ஜாகா வேலை, சாப்பாட்டுக் கடையில் மங்கு கழுவும் வேலை என்று கொஞ்ச காலம் ஓடும். உடம்பு ஒத்துழைக்காத நாளில் வேலையும் போகும், வேலை கொடுத்தவர் தந்த படுக்கையும் போகும். ஒரு படத்தால் இவ்வளவையும் சொல்ல முடியாது. அது சொல்வதெல்லாம் பிள்ளைகள் கைவிட்டார்கள் என்ற ஒரே கதையைத்தான்.

அந்தக் கதை சில நேரம் உண்மையாகவும் இருக்கும். ஆனால் அதை யார் சொல்வது என்பதுதான் கேள்வி. தெருவில் கிடந்தாலும் பிள்ளைகளின் பெயரைச் சொல்ல மறுக்கும் பெற்றோர் உண்டு. அவர்கள் காப்பாற்றுவது பிள்ளைகளின் மானத்தை. பெயர் போடவில்லை, முகம் மட்டும்தானே என்று படம் போட்டவர் சொல்லலாம். பெரிய சமூகங்களுக்கு அது பொருந்தும், நமக்குப் பொருந்தாது. இன்ன தோட்டம், இன்ன கோயில் திருவிழாவில் காவடி எடுத்தவர், இன்னாரின் சம்பந்தி என்று ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவோம். மறுநாள் பள்ளிக்கூடத்தில் பேரப்பிள்ளையிடம் அந்தப் படத்தை யாரோ காட்டுவார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெரியவர் வீடு திரும்ப நினைத்தாலும், முன்பு இருந்த வழி அடைபட்டிருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது? பொது இடத்தில் இருப்பவரைப் படம் எடுப்பதையே குற்றமாக்கும் பொதுச் சட்டம் நம் நாட்டில் இல்லை. 2010ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிவர்த்தனைகளுக்கு மட்டுமே பொருந்தும். வழிப்போக்கர் எடுத்து அனுப்பும் படத்தை அது தொடாது. ஆகவே இதை எடுப்பவரின் மனசாட்சிக்கே விட்டிருக்கிறோம். காணொளியில் பார்வையாளர் எண்ணிக்கை ஏற ஏற வருமானம் வரும் காலத்தில் மனசாட்சியின் மேல் இது சற்று அதிகமான சுமை என்பது என் கருத்து.

படமே கூடாது என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. 2014இல் கோலாலம்பூரின் மையப் பகுதியிலிருந்து 2 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் இலவச உணவு வழங்குவதை நிறுத்தப்போவதாக அன்றைய கூட்டரசு பிரதேச அமைச்சர் தெங்கு அட்னான் அறிவித்தார். நாடெங்கும் எதிர்ப்பு கிளம்பியது. ஏழைகள் கண்ணுக்குத் தெரியாமல் போவதை விரும்புகிறவர்கள் எப்போதும் உண்டு. உணவுக்காக நிற்கும் வரிசை, மூடப்பட்ட கழிப்பறை, படுக்க முடியாதபடி நடுவில் கம்பி வைத்த நாற்காலி இவையெல்லாம் படமாக வேண்டும். அவற்றுக்கு யாருடைய முகமும் தேவையில்லை.

முகம் வெளியானால் இன்னொன்றும் நடக்கலாம். 1977ஆம் ஆண்டு ஆதரவற்றோர் சட்டத்தின்படி, தெருவில் இருப்பவரைச் சமூக நல அதிகாரி அழைத்துச் சென்று மாஜிஸ்திரேட் முன் நிறுத்தலாம். முதலில் ஒரு மாதம் வரை நல இல்லத்தில் வைத்து விசாரிப்பார்கள். பிறகு மூன்றாண்டு வரை அங்கேயே தங்கும்படி உத்தரவிட முடியும். இடம், நேரம், முகம் மூன்றையும் போட்டு ஒரு படம் பரவினால், அந்த நிலையத்தைச் சுத்தம் செய்யச் சொல்லி மேலிடத்துக்கு நெருக்குதல் வருவது இயல்பு. பிடித்துக்கொண்டு போவார்கள் என்ற அச்சத்தில் பெரியவர் வேறு இருட்டு மூலைக்கு ஒதுங்கிவிட்டால், சாப்பாடு கொடுத்துவந்த தன்னார்வலருக்கும் அவர் கிடைக்கமாட்டார்.

நல இல்லம் என்றாலே கொடுமை என்று நான் சொல்லவில்லை. செராஸ், தைப்பிங் போன்ற இடங்களில் உள்ள ருமா ஸ்ரீ கெனாங்கான் இல்லங்கள் 60 வயதைத் தாண்டிய ஆதரவற்றோருக்காகவே நடத்தப்படுகின்றன. விரும்பிப் போனால் கட்டிலும் வேளைக்குச் சோறும் மருந்தும் கிடைக்கும். அந்த விருப்பத்தை அவரிடம் கேட்க ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும்.

உதவி என்பது பெரும்பாலும் சலிப்பூட்டும் தாள் வேலைதான். சமூக நல இலாகாவின் முதியோர் உதவித்தொகை 2025 ஜனவரியிலிருந்து மாதம் 600 வெள்ளி. அதற்கு மைகார்டு வேண்டும், முகவரி வேண்டும், வங்கிக் கணக்கு வேண்டும். தெருவில் படுப்பவரின் பையில் முதலில் காணாமல் போவது அடையாளக் கார்டுதான். சிலரிடம் இன்னும் சிவப்பு அடையாளக் கார்டு. இந்த நாட்டிலேயே பிறந்து தோட்டத்திலேயே வளர்ந்தும், பிறப்புப் பத்திரம் இல்லாததால் குடியுரிமை கிடைக்காத முதியவர்கள் நம்மிடையே இருப்பதை எல்லாரும் அறிவோம். பத்தாயிரம் பேர் பகிர்ந்தாலும் தேசியப் பதிவு இலாகாவில் ஒரு வரிசை எண்கூட எடுத்துத் தர முடியாது. ஒருவர் அரைநாள் விடுப்பு எடுத்து உடன் போனால் எடுத்துவிடலாம்.

படம் எடுத்தே ஆக வேண்டுமென்றால், அவர் விழித்திருக்கும்போது கேளுங்கள். ஐயா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா, எங்கே போடப்போகிறேன் தெரியுமா என்று சொல்லிவிட்டு, எடுத்ததை அவரிடமே காட்டுங்கள். வேண்டாம் என்று தலையசைத்தால் அழித்துவிடுங்கள். சோற்றுப் பொட்டலத்தை நீட்டிக்கொண்டே கேட்பது கேட்பதாகாது. பசியில் இருப்பவர் எதற்கும் சரி என்பார். தீபாவளி நெருங்கும்போது பதாகை பிடித்துக்கொண்டு, ஆறேழு பேர் வரிசையாக நின்று, நடுவில் ஒரு பாட்டியின் கையில் அரிசிப் பையைக் கொடுத்து எடுக்கும் படங்களையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். அந்தப் பாட்டியைத் தவிர மற்ற எல்லாரும் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். பத்திரிகைகளுக்கும் இதே அளவுகோல்தான்.

ஞாபக மறதி நோயால் வழிதவறி வந்தவர்களின் நிலை மட்டும் வேறு. பெயர் சொல்லத் தெரியாமல், வீடு எங்கே என்று தெரியாமல் நிலையத்தில் திகைத்து நிற்கும் முதியவரைப் படம் எடுப்பது அவசியமாகலாம், வீட்டில் தேடிக்கொண்டிருப்பார்கள். அந்தப் படம் போக வேண்டிய இடங்கள் காவல் நிலையம், ரயில் நிலைய அலுவலகம், 24 மணி நேரமும் இயங்கும் தாலியான் காசிஹ் 15999. இந்தச் சேவைக்கு வாட்ஸ்அப் எண்ணும் உண்டு. தகவல் கொடுத்த பிறகு, யாராவது வரும்வரை அவர் பக்கத்திலேயே இருங்கள். அடுத்த ரயிலில் ஏறிவிட்டால் மறுபடி எங்கே தேடுவது?