ஸ்டீயரிங்கை முதலில் பூட்டுங்கள்

சித்தூரில் என் அறைத்தோழரின் வீட்டுக் கொல்லையில் ஒரு கார் உருவாகிக்கொண்டிருக்கிறது. கார் என்று சொல்வதுகூடச் சற்று மிகைதான். வேப்பமரத்தடியில் நாலு செங்கல் அடுக்கின்மேல் ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டின் சேஸிஸ் நிற்கிறது. விடுமுறை வந்தால் போதும். திருப்பதியில் பஸ் ஏறிச் சித்தூரில் இறங்கி, கையில் ஸ்பானரோடு அதன் அடியில் படுத்துவிடுகிறோம். வருவோர் போவோரெல்லாம் கேள்வி கேட்கிறார்கள். எஞ்சின் எத்தனை குதிரைத்திறன் என்று கேட்காதவர் இல்லை. என்ன நிறம் அடிக்கப் போகிறீர்கள் என்று கேட்காதவர் இல்லை. வண்டியைத் திருப்புவது எப்படி என்று கேட்டவர் மட்டும் இன்றுவரை ஒருவரும் இல்லை.

கேட்காதவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? அதை முதலில் கேட்டிருக்க வேண்டிய நாங்களே கேட்கவில்லையே!

ஹெரால்டு நம் சென்னைக்குச் சொந்தமான கார் எனலாம். இங்கிலாந்தில் டிரையம்ப் நிறுவனம் 1959-இல் வெளியிட்ட அந்த வண்டியை, 1961 முதல் வண்டலூர்ப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தார் செய்து விற்றார்கள். அதன் வடிவத்தை வரைந்தவர் இத்தாலியரான மிக்கெலொட்டி. கூடு வேறு, சேஸிஸ் வேறு என்று பிரிந்து நிற்கும் அமைப்பு அது. கூட்டைக் கழற்றி வைத்துவிட்டாலும் அடிச்சட்டம் நாலு சக்கரத்தில் நிற்கும். வீட்டிலேயே கார் கட்டுகிற ஆங்கிலேயர் பலர் அதை விரும்பி எடுத்ததற்குக் காரணம் இதுதான். இன்னொரு பெருமையும் அதற்கு உண்டு. 25 அடி விட்டமுள்ள வட்டத்துக்குள் அது திரும்பிவிடும்! இன்றைய சிறு கார்கள் பலவற்றுக்கும் இது வாய்க்காது. இப்படிப்பட்ட வண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

எஞ்சினை முதலில் இறக்கிவிட்டோம். பிறகு பார்த்தால் ஸ்டீயரிங் ராடு போக வேண்டிய வழியில் எஞ்சின் நிற்கிறது. பழைய ரேக்கும் தேய்ந்து கிடந்தது. சென்னைப் புதுப்பேட்டைக்குப் போய் வேறொரு காரின் ரேக்கை வாங்கிவந்தோம். அச்சுக்குப் பின்னால் அமைய வேண்டிய ரேக் அது. அதை அச்சுக்கு முன்னால் பூட்டினோம். தோழர் ஸ்டீயரிங்கை இடப்பக்கம் சுற்றினார். சக்கரங்கள் இரண்டும் வலப்பக்கம் திரும்பின! வேப்பமரத்தில் இருந்த காக்கைகூடச் சிரித்திருக்கும். செங்கல்லின்மேல் நின்ற வண்டி ஆகையால் நாங்களும் சிரித்தோம். சாலையில் என்றால்?

சிரிக்க முடியாத செய்தி அடுத்தது. நீளம் போதாத ராடை என்ன செய்வது என்று ஒரு பட்டறையில் கேட்டோம். “இரண்டு துண்டையும் சேர்த்து வெல்டிங் வெச்சிடலாம் தம்பி, யானை இழுத்தாலும் வராது” என்றார் அந்த அண்ணன். அவர் நல்லவர், கெட்டிக்காரர், ஆனால் இந்த ஒன்றில் அவர் பேச்சைக் கேட்கக் கூடாது. ஸ்டீயரிங் ராடு முறுக்கத்தைத் தாங்குகிற உறுப்பு. வெல்டிங் சூட்டில் அதன் எஃகு தன் பதத்தை இழக்கும். ஒட்டின ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். குலுங்கக் குலுங்க அது வளரும். பிறகு ஒருநாள், முன்னறிவிப்பு ஏதுமின்றி, சட்டென்று அறும். எஞ்சின் நின்றால் வண்டி ஓரமாக நிற்கும். ஸ்டீயரிங் அறுந்தால் வண்டி தான் நினைத்த இடத்துக்குப் போகும். திருமலையிலிருந்து இறங்கும் பழைய மலைப்பாதையை நினைத்துப் பாருங்கள். 1944-இல் திறந்த பாதை அது. 1974-இல் இரண்டாம் பாதை வந்தபின் பழையது இறங்குவதற்கு என்று ஆயிற்று. அதன் கொண்டையூசி வளைவு ஒன்றில் கையில் வெறும் வட்டம் மட்டும் மிஞ்சினால் என்ன ஆகும்?

ஆகவே முறை இதுதான். பல் வெட்டின ராடு, அதற்கேற்ற கிராஸ், குறுக்கே போல்ட், நட்டுக் கழலாமல் காட்டர் பின். கிராஸ் ஒன்றே ஒன்று போட்டால் ராடு வளைந்து போகிற இடத்தில் சுழற்சி ஒரே சீராக இராது. ஓரிடத்தில் இலேசாகவும் ஓரிடத்தில் கனமாகவும் கைக்குத் தட்டும். இரண்டு போட்டு, அவற்றின் கவைகளை ஒன்றுக்கொன்று இசைய நிறுத்த வேண்டும்.

திரும்பும் கோணத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. கோவிந்தராஜர் கோயில் தேர் வீதிமுனையில் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். தேருக்கு ஸ்டீயரிங் கிடையாது. முட்டுக்கட்டை போட்டுத்தான் திருப்புகிறார்கள். காரில் உள்சக்கரம் சிறு வட்டத்திலும் வெளிச்சக்கரம் பெரு வட்டத்திலும் ஓடுகின்றன. ஆகையால் உள்சக்கரம் அதிகம் திரும்ப வேண்டும். மியூனிச் நகரத்து வண்டி செய்பவரான லாங்கன்ஸ்பெர்கர் 1817-இல் கண்ட உண்மை இது. அவருக்காக லண்டனில் மறு ஆண்டு காப்புரிமை பெற்றவர் ஆக்கர்மன். பெயர் என்னவோ ஆக்கர்மனுக்கே நிலைத்துவிட்டது! ஹெரால்டின் அளவுகளுக்கு, உள்சக்கரம் 30 பாகை திரும்பினால் வெளிச்சக்கரம் ஏறத்தாழ 24 பாகை திரும்ப வேண்டும். நாங்கள் பூட்டியபடி இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத் திரும்பின. அப்படி ஓட்டினால் டயர் தேய்ந்து அழும்.

டை ராடின் மூட்டுகளும் சஸ்பென்ஷன் கைகளின் மூட்டுகளும் தம்முள் இசையாவிட்டால், பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் வண்டி தானாகவே திரும்பும். சித்தூர்ச் சாலைகளில் இதற்கு வாய்ப்பு குறைவா என்ன?

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். என் முறையீடும் இங்கேதான். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்தபடி இல்லாமல் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019-இல் இதை உறுதி செய்தது. 2021-இல் வந்த பழங்கார் விதி, 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்குத் தனிப் பதிவு தருகிறது. ஆனால் சேஸிஸையோ கூட்டையோ எஞ்சினையோ பெரிதாக மாற்றாமல் இருந்தால்தான். கண்டபடி வெட்டி ஒட்டுவோரைத் தடுப்பது நியாயமே. எங்கள் முதல் ஸ்டீயரிங்கைப் பார்த்தவன் அதை மறுக்க மாட்டேன். ஆயினும் முறையாகச் செய்தவனுக்கும் கதவு அடைத்தே இருக்க வேண்டுமா? இங்கிலாந்தில் வீட்டில் கட்டின காரைத் தனியே சோதித்து, ஸ்டீயரிங் உட்பட ஒவ்வொன்றையும் பார்த்து, தகுதி இருந்தால் சாலைக்கு விடுகிறார்கள். நமக்கு ஒரகடத்தில் பெரியதொரு வாகனச் சோதனை நிலையம் இருக்கிறது. தனி ஒருவரின் காரையும் கட்டணம் வாங்கிக்கொண்டு அங்கே ஏன் சோதிக்கக் கூடாது? மாணவர் போட்டிகளுக்கான ஃபார்முலா கார்களில் ஸ்டீயரிங் ஆட்டம் 7 பாகைக்கு மேல் போகக் கூடாது என்று அளந்து பார்க்கிறார்களே! மாணவனால் அந்த அளவுக்கு நிற்க முடியும் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமா?

சென்ற விடுமுறையில் எஞ்சினை மறுபடி தூக்கிக் கீழே வைத்துவிட்டோம். ஹெரால்டுக்கே உரிய ரேக் ஒன்று கிடைத்திருக்கிறது. இப்போது அடிச்சட்டத்தில் ரேக்கும் ராடும் ஸ்டீயரிங்கும் மட்டுமே இருக்கின்றன. தோழரின் தங்கை ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பாகைமானியோடு உட்கார்ந்து, அவர் சுற்றச் சுற்ற அளந்து எழுதினோம். உள்சக்கரம் 30 காட்டியபோது வெளிச்சக்கரம் 25 காட்டியது. ஒரு பாகை எங்கே போயிற்று என்று தேட அடுத்த சனிக்கிழமை மறுபடி பஸ் ஏறுகிறோம்.