குடிநோய்: எந்த வைத்தியம், முடிவு செய்வது யார்?

தோழர்களே,

சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துச் சேரிகளில் தெருக்கூட்டம் போட்டால், கூட்டம் கலைந்த பிறகு பெண்கள் என்னிடம் தனியாக வந்து கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "தம்பி, எங்க ஊட்டுக்காரர எங்க சேத்தா குடி போவும்?" மேடையில் இதற்குப் பதில் சொல்லப்படுவதில்லை. 'குடியை விடு' என்று முழக்கம் இருக்கிறது, 'கடையை மூடு' என்று கோரிக்கை இருக்கிறது. இரண்டும் வேண்டும்தான். ஆனால், காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறதே, அந்த மனிதனை எங்கே கொண்டுபோவது? இந்த இதழில் அதைத்தான் பேசியாக வேண்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 'சேரின்னாலே குடிதான்' என்பது சாதித் திமிரின் பேச்சு. 2019இல் வெளியான மத்திய அரசின் போதைப் பழக்க ஆய்வின்படி இந்தியாவில் குடிப்பவர்கள் சுமார் 16 கோடிப் பேர். அதில் 5.7 கோடிப் பேருக்குக் குடியால் வந்த சிக்கலுக்கு உதவி தேவைப்படுகிறது. இத்தனை கோடியும் சேரியிலா இருக்கிறது? மாடி வீட்டில் குடித்தால் 'டென்ஷன்', அவர் நோயாளி. ஒரகடம் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை பார்த்துவிட்டு ஜி.எஸ்.டி. ரோட்டோரம் குடித்து விழுந்தால் 'குடிகாரப் பய', அவன் பிறவிக் குணம். அவருக்கு டாக்டர் அறை, இவனுக்கு அடி உதை. வைத்தியத்தையே சாதி பங்கு போட்டுக் கொடுக்கிறது என்பதை நாம் மறந்துவிடலாகாது. அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது: குடிக்கு அடிமைப்பட்டவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது.

அண்ணல் அம்பேத்கர் 1956இல் நாகபுரியில் ஏற்கச் செய்த 22 உறுதிமொழிகளில் மது அருந்தமாட்டேன் என்பதும் ஒன்று. அயோத்திதாசப் பண்டிதர் மீட்டெடுத்த பௌத்தத்தின் ஐந்து சீலங்களிலும் அது உண்டு. அந்த உறுதிமொழி நம் சுயமரியாதையின் பகுதி. ஆனால் உறுதிமொழி மனம் எடுக்கிற முடிவு. வருசக்கணக்காகத் தினமும் குடித்தவனின் மூளையும் நரம்பும் சாராயத்துக்குப் பழகிப்போய் இருக்கின்றன. அவன் திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை. இரண்டு நாளைக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் பிதற்றல் வரும், இல்லாத பூச்சி பாம்பெல்லாம் கண்ணுக்குத் தெரியும், சிலருக்கு உயிரே போகும். 'ரூம்ல போட்டுப் பூட்டுனா நாலு நாள்ல சரியாயிடும்' என்று சொல்கிற தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஊர் கூடி அபராதம் போடுவதும் இந்த நடுக்கத்தை நிறுத்தாது.

அப்படியானால் எது சரியான வைத்தியம்? எல்லோருக்கும் ஒரே வைத்தியம் கிடையாது. முதலில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அளக்க வேண்டும். அதற்கு உலக சுகாதார நிறுவனம் 1989இலேயே பத்துக் கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றைத் தந்திருக்கிறது. வாரத்தில் எத்தனை நாள், ஒரு வேளைக்கு எவ்வளவு, காலையில் எழுந்ததும் வேண்டியிருக்கிறதா என்பது மாதிரியான கேள்விகள். ஒரு கல்லூரி மாணவர் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டு எழுதிவிடலாம்.

அளவு மீறிக் குடிக்கிறார், ஆனால் உடம்பு இன்னும் அடிமைப்படவில்லை என்றால் ஆஸ்பத்திரியில் படுக்க வைக்கத் தேவையில்லை. பேச்சே வைத்தியம். கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதைச் சோதித்துப் பார்த்து 2017இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். டாக்டர் பட்டம் இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர் ஆட்கள், அதிகம் போனால் நான்கு தடவை உட்கார்ந்து பேசினார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 100க்கு 26 பேர் ஆபத்தான குடியிலிருந்து மீண்டிருந்தார்கள். ஆலோசனையும் கிடைத்தவர்களில் 36 பேர். நம் பிள்ளைகள் கற்றுக்கொள்ள முடியாத வித்தையா இது?

உடம்பு அடிமைப்பட்டிருந்தால் கதை வேறு. நடுக்கம், முன்பு வந்த வலிப்பு, மஞ்சள் காமாலை இருந்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். வலிப்பைத் தடுக்க டாக்டர் சில நாள் மாத்திரை கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார். பி1 வைட்டமின் ஊசி அவசியம். அது இல்லாமல் தெருமுனைக் கிளினிக்கில் குளுக்கோஸ் பாட்டில் மட்டும் ஏற்றினால் சிலருக்கு ஞாபகசக்தியே நிரந்தரமாகப் போய்விடும். இது முதல் வாரத்து வேலை. அதோடு முடிந்தது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டால் பெரும்பாலும் மறுபடி கடைவாசல்தான். ஆசையைக் குறைக்கும் மாத்திரைகள் உண்டு. கல்லீரலையும் சிறுநீரகத்தையும் சோதித்துவிட்டு எது பொருந்தும் என்று டாக்டர் சொல்வார்.

மின்சார ரயில் பெட்டிகளில் ஒட்டியிருக்கும் 'குடிப்பவருக்குத் தெரியாமல் குடியை நிறுத்தலாம்' நோட்டீஸைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பொடியை நம்பி நகையை அடகு வைக்காதீர்கள். குடித்தால் உடம்பு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிராம் என்ற மாத்திரை 1940களிலிருந்தே மருத்துவத்தில் இருக்கிறது. தெரிந்து, சம்மதித்துச் சாப்பிடுகிறவனுக்கு அது வேலி. தெரியாமல் ரசத்தில் கலந்து கொடுத்து, அவன் போய்க் குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

அடுத்தது, ராத்திரியில் வேனில் வந்து தூக்கிக்கொண்டு போகும் 'இல்லங்கள்'. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகினார்கள். பூட்டும் சங்கிலியும் வைத்தியம் ஆகாது என்பதற்கு அதற்கு மேல் சாட்சி வேண்டுமா? 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் குடிநோயும் வருகிறது. அங்கே மையம் நடத்தப் பதிவு கட்டாயம், சங்கிலி போடுவது குற்றம். சேர்க்கும் முன் நான்கு கேள்வி கேளுங்கள்: பதிவுச் சான்று எங்கே? டாக்டர் எத்தனை நாள் வருகிறார்? குடும்பம் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாமா? வெளியே வந்த பிறகு எத்தனை மாதம் தொடர்ந்து பார்ப்பீர்கள்?

கடைசிக் கேள்விதான் முக்கியம். அமெரிக்காவில் 1,726 நோயாளிகளிடம் மூன்று வகை ஆலோசனை முறைகளை ஒப்பிட்டு 1997இல் வெளியிட்ட பெரிய ஆய்வில் மூன்றும் ஏறக்குறைய ஒரே பலனைத்தான் தந்தன. ஆகவே முறையின் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம், விடாமல் தொடர்கிறார்களா என்று பாருங்கள். 1935இல் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குக் கட்டணம் இல்லை. அதன் கடவுள் பேச்சு ஒத்துவராதவர்கள் நம் படிப்பகத்திலேயே மீண்டவர்களின் குழு ஒன்று நடத்தலாம். சென்னை டி.டி. ரங்கநாதன் மையம் 1989இலிருந்து இன்றைய திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் கிராமத்திலேயே முகாம் போட்டு, ஊராரையும் குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டு சிகிச்சை தந்தது. வைத்தியம் ஊருக்குள் வர முடியும் என்பதற்கு அது போதுமான ஆதாரம்.

அரசு என்ன செய்கிறது? டாஸ்மாக் 2023-24இல் அரசுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் ஈட்டித் தந்தது. 2023 மே மாதம் நம் மாவட்டத்துச் சித்தாமூரிலும் மரக்காணத்திலும் மெத்தனால் குடித்து 20 பேருக்கு மேல் செத்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல். செத்த பிறகு குடும்பத்துக்கு 10 லட்சம் தர முடிகிற அரசால், உயிரோடு இருக்கும்போது ஒரு ஆலோசகரைத் தர முடியாதா?

ஆகவே நம் கோரிக்கை தெளிவாக இருக்கட்டும். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பயிற்சி பெற்ற ஆலோசகர் வேண்டும், அந்த வேலை சேரிப் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டும். தாலுகா ஆஸ்பத்திரிகளில் குடிநோய்க்குப் படுக்கையும் மாத்திரையும் வேண்டும். அதுவரை நம் கையில் இருப்பதைப் பயன்படுத்துவோம். சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில் ஏறினால் பரனூர் தாண்டி அடுத்த ஸ்டேஷன் செங்கல்பட்டு, அங்கே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. போதை மீட்பு உதவிக்கான இலவசத் தொலைபேசி எண் 14446. 'கீழ்ப்பாக்கம் கேஸா?' என்று எவனாவது சிரித்தால் சிரிக்கட்டும். மாணவத் தோழர்கள் ஆளுக்கு ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். பத்துக் கேள்விப் படிவத்தைத் தமிழில் அச்சடித்துக்கொண்டு போங்கள். கூட வருவதற்கு ஆள் இல்லாத குடும்பத்தோடு ஓ.பி. சீட்டு வாங்குகிற வரிசையில் போய் நில்லுங்கள். அதுவும் விடுதலை வேலைதான்.

ஜெய்பீம்.