பரண் அறையாகுமா?

திருவண்ணாமலையில் பவுர்ணமி தோறும் கிரிவலக் கூட்டம். கார்த்திகை தீபத்துக்குக் கேட்கவே வேண்டாம். பழைய வீட்டுக்காரருக்கு ஆசை பிறக்கிறது: பரணை அறையாக்கி வாடகைக்கு விட்டால் என்ன?

பலகை, ஆணி, தச்சர் கூலி என்று கணக்குப் போடுகிறார். உத்தரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அங்கேதான் ஆபத்து!

பரண், அண்டாவும் புளிப்பானையும் வைப்பதற்காகப் போட்டது. ஆள் தங்கும் தளம் சதுர மீட்டருக்கு 200 கிலோ தாங்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. பத்தடிக்குப் பத்தடி அறை என்றால் சுமார் 1,850 கிலோ! கீழே தூங்குவது வீட்டுப் பிள்ளைகள்.

2025 செப்டம்பரில் சிமெண்டு வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. மிஞ்சும் பணத்தில் பொறியாளரை அழைக்கட்டும். சுவருக்குள் செருகிய உத்தர முனையைத் திறந்து பார்க்கட்டும். கரையான் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். வர்ணம் பிறகு அடிக்கலாம்.