பரிசோதனைக்கு அவள் மட்டும் ஏன் போகிறாள்?

பிள்ளை இல்லாத வீட்டைப் பற்றிப் பேசுவதும் சங்கத்தின் வேலையா என்று சிலர் கேட்கக்கூடும். சம்பளம், வீடு, காணி என்று எழுத எவ்வளவோ கிடக்கிறது. ஆனால் சென்ற மாதம் ஒரு தோட்டத்தில் மாதர் கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்து போன பிறகு, ஒரு சகோதரி மட்டும் பாயைச் சுருட்டிக்கொண்டே நின்றார். கல்யாணமாகி ஆறு வருடம். இரத்தம் கொடுத்து, ஸ்கேன் எடுத்து, நேர்த்திக்கடனும் வைத்தாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போன நாட்களில் எல்லாம் பேர் இல்லை. மாமியார் வீட்டில் இரண்டாம் கல்யாணப் பேச்சு தொடங்கிவிட்டதாம்.

"அவரு ஒரு தடவையாவது டெஸ்ட் குடுத்தாரா?" என்று கேட்டேன்.

"அவருக்கு என்னங்க டீச்சர், நல்லாத்தானே இருக்காரு."

பேசப் பேச மற்றதும் வந்தது. கல்யாணத்துக்கு முன் கணவர் நான்கு வருடம் கொழும்புப் பக்கம் பழைய பெட்டரி உடைத்து ஈயம் உருக்கும் இடத்தில் வேலை செய்திருக்கிறார். பதினெட்டு வயதில் கூகைக்கட்டு வந்து, கன்னத்தோடு விதைப்பையும் வீங்கி, ஒரு வாரம் லயத்தில் படுத்திருந்தாராம். இப்போது தோட்டத்தில் மருந்தடிக்கிறார். இவற்றுக்கும் தன் வீட்டுத் தொட்டில் காலியாக இருப்பதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று அந்தச் சகோதரிக்கு யாருமே சொல்லவில்லை. எந்த வைத்தியரும் கணவரை அழைத்து வரச் சொல்லவுமில்லை.

குழந்தை தங்காத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கத்துக் காரணமும் இருக்கிறது. நம் ஆண்கள் இதைக் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வது, ஆண்மையையும் விந்தணுவையும் ஒன்றாக நினைப்பதால்தான். இரண்டும் வேறு. தாம்பத்தியத்தில் ஒரு குறையும் இல்லாத மனிதரின் விந்திலும் அணுக்கள் குறைந்திருக்கலாம், நீந்தாமல் கிடக்கலாம். வெளியே பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

ஈயத்தை எடுத்துக்கொள்வோம். பெட்டரி உருக்குமிடத்தில் புகையாக மூச்சில் போகும். கழுவாத கையால் சோறு தின்றால் வாய் வழியாகப் போகும். பழைய பெயின்டைச் சுரண்டும்போது தூசியாகப் போகும். உள்ளே போன ஈயம் எலும்பில் தங்கி, வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்துக்குத் திரும்பும். அளவு கூடினால் விந்தணுவின் எண்ணிக்கை, ஓட்டம், வடிவம் மூன்றும் கெடும். விதைகளுக்கு உத்தரவு அனுப்பும் மூளைச் சுரப்பியையும் அது குழப்பும். வேலை உடுப்போடு வீட்டுக்கு வந்தால் அந்தத் தூசி பிள்ளைகளின் மூளைக்கும் கேடு.

கட்மியம் என்ற உலோகத்துக்குக் கொழும்புக்குப் போகவே தேவையில்லை. புகையிலைச் செடி அதை மண்ணிலிருந்து உறிஞ்சி இலையில் சேர்த்துக்கொள்ளும். புகைப்பவரின் உடம்பில் அது மற்றவர்களை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கும். (பிரட்டுக்களத்திலேயே பீடி பற்றவைக்கும் எங்கள் தலைவர்மாரும் இதை வாசிக்கட்டும்.)

அடுத்தது தொற்று. வயது வந்த பிறகு கூகைக்கட்டு வரும் ஆண்களில் பத்தில் இரண்டு மூன்று பேருக்கு விதையும் வீங்கும். பெரும்பாலும் ஒரு பக்கம்தான், அதனால் எல்லோருக்கும் பிள்ளை இல்லாமல் போவதில்லை. இரு பக்கமும் வீங்கியிருந்தால் கவனிக்க வேண்டும். இதற்கான தடுப்பூசி நம் நாட்டு அட்டவணையில் 2011இல்தான் சேர்ந்தது. இன்று முப்பது வயதிலிருக்கும் நம் ஆண்கள் குழந்தையாக இருந்தபோது அது இல்லை.

வெட்டை, கிளமிடியா போன்ற பாலியல் தொற்றுகள் வேறு வழியில் கெடுக்கும். விந்து வரும் மெல்லிய குழாயில் புண்ணாகி, ஆறிய தழும்பு வழியையே அடைத்துவிடும். கிளமிடியா எந்த அறிகுறியும் காட்டாமலே இருக்கலாம். மருந்தால் தொற்று குணமாகும், ஆனால் விழுந்த தழும்பு போகாது. அதனால் காலம் கடத்தக் கூடாது, கணவன் மனைவி இருவரும் சேர்ந்தே மருந்து எடுக்க வேண்டும். அரச பாலியல் நோய் சிகிச்சை நிலையங்களில் இது இலவசம், இரகசியமும் காப்பார்கள். உலோகமும் தொற்றும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் சேதம் கூடலாம்.

நல்ல செய்தியும் உண்டு. ஒரு விந்தணு உருவாகச் சுமார் 74 நாள் எடுக்கும். ஈய வேலையை விட்டவர், பீடியை விட்டவர், தொற்றுக்கு மருந்து எடுத்தவர் மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்த்தால் முன்னேற்றம் தெரியலாம். எலும்பில் நிறைய ஈயம் சேர்ந்தவருக்கு இன்னும் அதிக காலம் எடுக்கும்.

தொழில் சட்டமும் இதில் ஒரு கண்ணை மூடித்தான் பார்த்தது. 1921ஆம் ஆண்டின் சர்வதேசத் தொழில் அமைப்பு உடன்படிக்கையொன்று, வெள்ளை ஈயம் கலந்த வர்ணம் பூசும் தொழிலில் பெண்களையும் 18 வயதுக்குக் குறைந்த ஆண்களையும் சேர்க்கக் கூடாது என்றது. பெண்ணைக் காப்பாற்றியது சரி. ஆனால் தகப்பனாகப் போகிறவனுக்கு ஈயம் ஒன்றும் செய்யாது என்பது போல வளர்ந்த ஆண்களை அதிலேயே விட்டுவிட்டது.

மருந்தடிக்கும் தோழர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் லாத்ரொப் என்ற ஊரில் டீபீசீபீ என்ற புழுக்கொல்லி தயாரித்த தொழிற்சாலை ஒன்று இருந்தது. அது உலோகமல்ல, இரசாயனம். அங்குள்ள ஆண்கள் தங்களுக்குள் பேசிப் பார்த்தபோது பலருக்கும் பிள்ளை தங்கவில்லை என்பது தெரிந்தது. 1977இல் பரிசோதித்தபோது பலரின் விந்தில் அணுவே இல்லை. முதலில் கண்டுபிடித்தது வைத்தியர்களல்ல, வெட்கத்தை விட்டுப் பேசிய தொழிலாளர்கள்தான். அமெரிக்காவில் அதன் பெரும்பாலான பாவனை 1979இல் நிறுத்தப்பட்டது. மத்திய அமெரிக்க வாழைத் தோட்டங்களில் அதன் பிறகும் அடித்தார்கள்.

விந்துப் பரிசோதனையில் ஊசி இல்லை, வலி இல்லை. இரண்டு முதல் ஏழு நாள் விலகியிருந்து, சுத்தமான கோப்பையில் கொடுக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வுகூடத்தில் பார்க்க வேண்டும் என்பதால் லயத்திலிருந்து போத்தலில் கொண்டுபோக முடியாது. அங்கேயே போய்த்தான் கொடுக்க வேண்டும். அதாவது ஒரு முழு நாள். போகும்போது செய்த வேலைகளையும் பழைய நோய்களையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். அடிக்கும் மருந்தின் பெயரை டின்னைப் பார்த்து எழுதிக்கொண்டு போங்கள்.

ஆகவே நிர்வாகங்களிடம் எமது சங்கம் கேட்பது இது: பிள்ளைப்பேற்றுச் சிகிச்சைக்குப் போகும் நாளில் கணவன் மனைவி இருவருக்கும் பேர். மருந்தடிப்பவர்களுக்குக் கையுறையும் முகமூடியும், வேலைத்தலத்திலேயே சவர்க்காரத்தோடு குளிக்க இடம், வேலை உடுப்பைத் துவைக்கத் தனித் தொட்டி. கொழும்பில் ஈய வேலை செய்துவிட்டு வந்த பிள்ளைகளின் விபரத்தைத் தோட்டக் கமிட்டிகள் எடுத்துத் தந்தால், இரத்தத்தில் ஈயம் பார்க்கும் பரிசோதனைக்குச் சுகாதார அதிகாரிகளிடம் கோரிக்கை வைப்போம்.

அந்தச் சகோதரியின் கணவரோடு தோட்டத் தலைவர் இரண்டு தடவை பேசினார். முதல் தடவை எழுந்து போய்விட்டாராம். இரண்டாம் தடவை, "யாருக்கும் தெரியக் கூடாது" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். வரும் மாதம் கிளினிக். அன்று இருவருக்கும் பேர் போடும்படி, காரணம் எழுதாமல், தலைவர் கடிதம் கொடுத்திருக்கிறார். துரையிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.