கோயிலுக்கு வேண்டியது பக்தியா? புள்ளியா?

கடவுள் உண்டா இல்லையா என்று வாதம் செய்ய நாம் இப்போது வரவில்லை. உண்டென்பவர் தம் மனத்தில் வைத்துக்கொள்ளட்டும். அதனால் அடுத்தவனுக்கு நஷ்டமில்லை. ஆனால் அந்தக் கடவுளின் பேரால் ஒரு கணக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, இன்னார் நம்மவர், இன்னார் அல்லர் என்று பிரிக்கிறார்களே, அதைப்பற்றியே கேட்கிறோம்.

நகரத்தார்களுக்குக் கோயில்கள் ஒன்பது. அவற்றில் இளையாத்தங்குடிக் கோயிலுக்கு மாத்திரம் உட்பிரிவுகள் ஏழு. கல்யாணமென்றால் கோயிலிலிருந்து மாலை வரவேண்டும். வந்தால் தம்பதிகள் ஒரு புள்ளி; புள்ளிக்கு வரி. ஒருவர் இறந்தால் மிஞ்சியவர் அரைப்புள்ளி. வேற்று ஜாதியில் மணந்தவனுக்கோ புள்ளியே கிடையாது என்பது வழக்கம்.

இந்தக் கணக்கில் பக்திக்கு ஒரு கலமாவது உண்டா? சாமியே இல்லையென்கிற நாஸ்திகன் சொந்த ஜாதியில் பெண்ணெடுத்தால் அவனுக்கு மாலை வருகிறது. தினம் தேவாரம் ஓதுகிறவன் ஜாதி விட்டு மணந்தால் அவனுக்கு வருவதில்லை. அப்படியானால் அங்கே காவல் காக்கப்படுவது கைலாசநாதரா, ஜாதியா? அம்மன் பெயரோ நித்திய கல்யாணி! அவளுக்கு என்றைக்கும் மணக்கோலம். அவளைக் கும்பிடும் விதவைக்கு அரைப்புள்ளி.

“இது வெறும் உறவுக் கணக்கு, மதத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை” என்று சிலர் சொல்ல வரலாம். சரி, உறவுக் கணக்கை ஊர்ச் சாவடியில் வைத்து எழுதுவதுதானே? சந்நிதியில் வைத்து எழுதுவானேன்? கணக்கை ஒழுங்காக எழுதுவதில் செட்டியார்களுக்கு நிகர் யாருமில்லை என்பதை நாமும் ஒப்புக்கொள்ளுகிறோம். எழுதுகிற இடந்தான் சரியில்லை.

நிற்க, காரைக்குடியில் 1917-இல் இந்து மதாபிமான சங்கம் காண முன்னின்ற சொ. முருகப்பா, பின்னர் சுயமரியாதை பேசி, விதவை மணம் பேசி, பேச்சோடு நில்லாமல் தாமே ஒரு விதவையை மணந்தார். அவரே கம்பனையும் ஆராய்ந்து பதிப்பித்தார். ஆகவே மதத்தின் கட்டை அறுப்பவன் கம்பனையும் கடவுளையும் கிணற்றில் போட்டுவிட்டுத்தான் வரவேண்டுமென்பது வைதிகர் கிளப்பும் பூச்சாண்டி. முருகப்பாவின் மனத்தில் கடவுள் இருந்தாரா, போனாரா என்பது அவர் சொந்த விஷயம்.

மாலை மாற்றிக்கொண்டாலே கல்யாணம் செல்லும் என்று 1967-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்லுகிறது. அது எந்தக் கோயில் மாலை என்று கேட்கவில்லை.

ஆதலால் நாஸ்திகர்களை விட்டுவிட்டு, கடவுளை நம்பும் வாலிபர்களையே கேட்கிறோம். அடுத்த தடவை கோயில் வரிக்கு ஆள் வரும்போது, ஜாதி விட்டு மணந்த உங்கள் தங்கைக்கு ஏன் புள்ளியில்லை, உங்கள் ஆத்தாளுக்கு ஏன் அரைப்புள்ளி என்று கேட்டுவிட்டுப் பணத்தை எடுப்பீர்களா?